தாத்தாவின் டிரங்குப் பெட்டியை நூலகத்துக்குக் கொடுப்பதற்கு முன்

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய தாத்தா பகலில் தொடக்கப்பள்ளி ஆசிரியர், இரவில் கூத்து வாத்தியார். அவர் விட்டுப்போன ஒரு டிரங்குப் பெட்டியில் கடிதங்கள், டைரிகள், கூத்து நோட்டுகள், 60 கேசட், சில ஸ்பூல் டேப், இரண்டு வீடியோ கேசட் இருக்கின்றன. பெரியப்பா, "முக்கியமானதை மட்டும் பொறுக்கி நூலகத்துக்குக் கொடுப்போம்" என்கிறார். சித்தப்பா, "எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்துவிட்டுக் காகிதத்தைப் போட்டுவிடலாம்" என்கிறார். பல்கலைக்கழக நூலகம் இதையெல்லாம் வாங்குமா, வாங்கினால் அங்கே என்னதான் செய்வார்கள் என்பது தம்பியின் கேள்வி.

பல்கலைக்கழக நூலகம் ஒன்றின் ஆவணப் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பெரியப்பா சொல்வதும் வேண்டாம், சித்தப்பா சொல்வதும் வேண்டாம். பெட்டியைக் கலைக்காமல் அப்படியே வையுங்கள். அவசரம் கேசட்டுக்கும் ஸ்பூலுக்கும்தான். காகிதம் இன்னும் சில வருஷம் பொறுக்கும், டேப் பொறுக்காது.

நூலகங்கள் இப்படிப்பட்ட பெட்டிகளை வாங்குகின்றனவா என்றால், நன்றாகவே வாங்குகின்றன. நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்து, 1900-ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு வைத்தியம் பார்க்கத் தொடங்கிய அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடரின் கடிதங்களையும் டைரிகளையும் படங்களையும் பார்க்க வேண்டுமானால் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஷ்லெசிங்கர் நூலகத்துக்குப் போக வேண்டும். அந்தத் தொகுப்பு 1843-ல் தொடங்கி 1976-ல் முடிகிறது. அதாவது, அவர் பிறப்பதற்கு 27 வருஷம் முன்னால் தொடங்கி, இறந்து 16 வருஷம் கழித்து முடிகிறது. ஒருவருடைய தாள்கள் என்றால் அவர் கைப்பட எழுதியது மட்டும் என்று நூலகம் நினைப்பதில்லை. அப்பாவின் காகிதம், தாத்தாவின் காகிதம், அவர் போன பிறகு வந்தவை எல்லாம் சேர்ந்ததுதான் தொகுப்பு. 1853-ல் தொடங்கிய ஆற்காடு மிஷனை நடத்திய அமெரிக்கச் சபையின் ஆவணங்கள் நியூ ஜெர்சியில், நியூ பிரன்ஸ்விக் ஊரில் இருக்கின்றன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வு மையம் 1960-களிலிருந்து, இந்தியாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய வெள்ளைக்காரக் குடும்பங்களைத் தேடிப்பிடித்துக் கடிதங்களையும், சொந்தக் கேமராவில் எடுத்த படச்சுருள்களையும் வாங்கிச் சேர்த்தது. உயிரோடு இருந்தவர்களைப் பேசவைத்து ஒலிப்பதிவும் செய்தது.

இதெல்லாம் நல்ல வேலை, குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே இருப்பது பாதிக் கதைதான். இங்கேயிருந்து போன கடிதம் அங்கே பத்திரமாக இருக்கிறது. அந்த மிஷன் பள்ளியில் படித்த பையனும், அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த அம்மாவும் தங்கள் வீட்டுக்கு எழுதினது எங்கே? 1973-74-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வட ஆற்காட்டுக் கிராமங்களில் நெல் சாகுபடியை ஆராய்ந்தார்கள். என்ன நெல் போட்டாய், எவ்வளவு உரம், யாரிடம் கடன் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். அதே வருஷங்களில் உங்கள் தாத்தாவும் டைரி எழுதியிருந்தால், அதில் மோட்டார் ஓடாத நாளும், கிணற்றில் தண்ணீர் இறங்கின மாசமும், கூத்துக்கு வாங்கின முன்பணமும் இருக்கும். ஆய்வுக்காரர் கேட்காமல் விட்ட கேள்விகளுக்கு அதில் பதில் கிடைக்கும். அதனால்தான் "முக்கியமானது" என்று நாமே முடிவு கட்டக் கூடாது என்கிறேன். பெரியப்பா எடுத்துவைக்கப்போவது எது என்று எனக்குத் தெரியும்: மந்திரியோடு எடுத்த போட்டோ, பாராட்டுப் பத்திரம், பொன்னாடை போட்ட செய்தி வந்த பேப்பர். ஆராய்ச்சிக்கு வருபவர் முதலில் கேட்பது மளிகைக் கணக்கு நோட்டை.

இனி, ஏன் கலைக்கக் கூடாது என்பதற்கு வருகிறேன். புத்தகத்தை நூலகத்தில் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்குவோம். ஒருவருடைய தாள்களை அப்படிப் பிரிப்பதில்லை. அவர் எந்த வரிசையில் வைத்திருந்தாரோ அதே வரிசையில் வைப்பதுதான் ஆவணக் காப்பின் முதல் விதி. ஒருவர் தொகுப்பை இன்னொருவர் தொகுப்போடு கலப்பதும் கிடையாது. காரணத்தை உங்கள் பெட்டியிலேயே பார்க்கலாம். ஒரு டைரியைத் திறக்கிறீர்கள். நடுவில் ஒரு மணியார்டர் கூப்பன் செருகியிருக்கிறது. பெயர் பாதி அழிந்திருக்கிறது, தொகையும் தபால் முத்திரைத் தேதியும் தெரிகின்றன, இருக்கிற கொஞ்சம் இடத்தில் "மீதி திருவிழா முடிந்ததும்" என்று ஒரு வரி. அந்தப் பக்கத்தில் தாத்தா எழுதியிருப்பது ஒரே ஒரு ஊர்ப் பெயர். கூப்பன் அந்தப் பக்கத்தில் இருக்கும்வரை, எந்த ஊர்த் திரௌபதி அம்மன் திருவிழாவுக்கு எந்த வருஷம் எவ்வளவு பேசி ஜமா, அதாவது கூத்துக் குழு, போனது என்பது கையில் இருக்கிறது. கூப்பனை உருவி "தபால் சம்பந்தப்பட்டவை" என்று ஒரு கவரில் போட்டால் இரண்டுமே ஊமை. ஒரு நூலகத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். வந்த பெட்டியிலிருந்து புத்தகங்களைத் தனியாக எடுத்து அலமாரிக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் புத்தகங்களுக்குள் செருகியிருந்த இன்லேண்ட் லெட்டர்களும் கூடவே போய்விட்டன. இன்றைக்கும் எவராவது புத்தகம் எடுத்தால் உள்ளிருந்து ஒரு கடிதம் விழும்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். திறந்தவுடனே போன் கேமராவில் படம் எடுங்கள். மேல் அடுக்கு எப்படி இருந்தது, அதை எடுத்ததும் அடுத்த அடுக்கு எப்படி இருந்தது என்று வரிசையாக. கட்டு எதையாவது அவிழ்த்தால், சணல் கயிறா, துணிக் கிழிசலா, மேலே என்ன எழுதியிருந்தது என்பதையும் படம் எடுத்துவிட்டு அவிழ்க்கவும். பிறகு பாட்டி, அத்தை, தாத்தாவோடு ஆடின பழைய ஆட்கள் யார் உயிரோடு இருக்கிறார்களோ அவர்களை உட்காரவைத்துப் போட்டோவில் இருப்பவர் யார், கடிதத்தில் வரும் "சின்னவர்" யார் என்று கேட்டுத் தேதியோடு எழுதிவையுங்கள். போட்டோவின் பின்பக்கம் பேனாவால் எழுத வேண்டாம். மெல்லிய பென்சிலால், ஓரத்தில் எண் மட்டும் போட்டு, விவரத்தைத் தனித் தாளில் எழுதுங்கள். நூலகத்தில் எவ்வளவு படித்தவர் இருந்தாலும் இந்த வேலையை அவரால் செய்ய முடியாது. வீட்டில் இருப்பவர்களால்தான் முடியும், அதுவும் அவர்கள் இருக்கும்வரை.

சரி, கேசட். யுனெஸ்கோ 2019-ல் உலகம் முழுக்க ஓர் எச்சரிக்கை விட்டது: காந்த நாடாவில் இருப்பதைச் சீக்கிரம் மாற்றிவிடுங்கள், 2025 வாக்கில் பல இடங்களில் அதை ஓட்டும் கருவியே இருக்காது என்று. அந்த வருஷம் தாண்டியாயிற்று. நாடா கெடுவது ஒரு பக்கம், ஓட்டுவதற்கு டெக் கிடைக்காதது இன்னொரு பக்கம். பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகளுக்கும் வயதாகிவிட்டது. வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்கினி நட்சத்திரத்தில் ஷீட் கூரைக்குக் கீழே பரணில் இருந்த கேசட்டின் நிலைமை எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

உடனே டேப் ரெக்கார்டரில் போட்டுக் கேட்க ஆசை வரும். வேண்டாம். முதலில் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சுருளின் பக்கவாட்டில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் அது பூஞ்சணம். அதை ஓட்டினால், டெக்கில் நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அப்படிப்பட்டதைத் தனியாக ஒரு டப்பாவில் வைத்துவிடுங்கள். கேசட்டின் வாயில், மெல்லிய செப்புத் தகட்டின் மேல் ஒரு சின்னப் பஞ்சுத் துண்டு இருக்கும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பழைய கேசட்டில் பசை காய்ந்து பஞ்சு விழுந்திருக்கும். அதோடு ஓட்டினால் சத்தம் மங்கலாக, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வரும். நாடா போய்விட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாடாவை வேறொரு நல்ல கேசட்டின் கூட்டுக்குள் மாற்றினால் குரல் திரும்பிவிடும். மேலே திருகாணி போட்ட கேசட்டென்றால் இந்த வேலை சுலபம், ஒட்டி மூடியதென்றால் கை தேர்ந்தவர் வேண்டும். அப்புறம், கேசட்டின் முதுகில் இரண்டு மூலையிலும் சிறு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே பதிவு விழாது. செலோ டேப் ஒட்டி அந்த ஓட்டையை மூடியிருந்தால், யாரோ பழைய பதிவின் மேல் புதிதாகப் பதிந்திருக்கலாம். அந்த செலோ டேப்பை உரித்துவிடுங்கள்.

120 நிமிஷக் கேசட் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். அதன் நாடா ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைவிட மெல்லியது. பழைய டெக் ஒரு தடவை மென்றால் முடிந்தது. ஸ்பூலை மூக்கருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். காடி (வினிகர்) வாடை அடித்தால் அசிடேட் நாடா சிதையத் தொடங்கிவிட்டது, மற்றதோடு சேர்த்து வைக்கக் கூடாது. நூலகத்திடம் பேசும்போது முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.

கடைத்தெருவில் கேசட்டை எம்பி3 ஆக்கித் தருகிறேன் என்பவரிடம் அறுபதையும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். இரைச்சல் எடுக்கிறேன் என்று, கூத்தில் ஊதும் முகவீணையின் மேல் சுருதியையும் சேர்த்து வழித்துவிடுவார்கள். ஆவணக் காப்பகங்கள் கேட்பது சுருக்காத வேவ் கோப்பு, 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். அப்படி மாற்றினால் ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 2 ஜிபி வரும். உங்கள் 60 கேசட்டும் ஒன்றரை மணிக் கேசட் என்றே வைத்தாலும் 90 மணி நேரம், 190 ஜிபிக்குள் அடங்கிவிடும். இன்றைக்கு ஹார்ட் டிஸ்க் ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை நேரம். 90 மணி கேசட்டை 90 மணி ஓட்டித்தான் ஆக வேண்டும், குறுக்குவழி கிடையாது. இரைச்சல் நீக்கிய நகல் வேண்டுமானால் வீட்டில் கேட்பதற்குத் தனியாக ஒன்று செய்துகொள்ளுங்கள். மூலத்தில் கை வைக்கக் கூடாது. மாற்றிய பிறகும் கேசட்டைத் தூக்கிப் போடக் கூடாது.

கூத்துக் கேசட்டில் இன்னொன்று உண்டு. ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய நடக்கும் கூத்தை, மைக் செட்டுக்காரர் ஆம்ப்ளிஃபயரிலிருந்து லைன் எடுத்துப் பதிந்திருப்பார். 45 நிமிஷத்துக்கு ஒருமுறை கேசட்டைத் திருப்ப வேண்டும். தூங்கிவிட்டால் அர்ச்சுனன் தபசில் பாதி போயிருக்கும். உறையில் "தபசு 3 பி" என்று இருந்தால் அது ஒரே ராத்திரியின் மூன்றாவது கேசட்டின் இரண்டாவது பக்கம். இதைப் பொருள்வாரியாகப் பிரித்தால் ராத்திரியே கலைந்துவிடும். டிஜிட்டலாக மாற்றும்போது கேசட்டின் கடைசியில் மீந்த நாடாவையும் விடாமல் ஓட்டிப் பாருங்கள். அங்கேதான் வீட்டுக் குழந்தை பாடினதும், பாட்டியை வற்புறுத்தித் தாலாட்டோ ஒப்பாரியோ சொல்லவைத்ததும் இருக்கும். தாத்தா பெயரில் போகும் தொகுப்பில் பாட்டியின் பெயரும் ஏறட்டும்.

காகிதத்துக்கு நீண்ட பேச்சு தேவையில்லை. குண்டூசியும் ரப்பர் பேண்டும் இருந்தால் மெதுவாக எடுத்துவிடுங்கள். துரு கறையாகும், ரப்பர் உருகி ஒட்டும். கிழிசலுக்கு செலோ டேப் போடாதீர்கள். லேமினேஷன் கூடவே கூடாது, அது திரும்பப் பிரிக்க முடியாத வேலை. நாப்தலின் உருண்டையைப் பெட்டிக்குள், அதுவும் கேசட்டோடு, போடாதீர்கள். ராமபாணப் பூச்சி இருக்கிறதா, கரையான் ஏறியிருக்கிறதா என்று மட்டும் மாதம் ஒருமுறை பாருங்கள். பெட்டி தரையைத் தொடாமல், சுவரை ஒட்டாமல் இருந்தால் போதும். சித்தப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள்: ஸ்கேனில் எழுத்து வரும்; எந்தத் தாளுக்குப் பின்னால் எந்தத் தாள் ஒட்டியிருந்தது, எது பென்சில், எது பிறகு வேறு மையில் திருத்தியது என்பது முழுசாக வராது. கூத்து நோட்டில் அந்தத் திருத்தங்கள்தான் சரக்கு. ஒரு விருத்தத்தை அடித்துவிட்டு மேலே வேறு எழுதியிருந்தால், மேடையில் அது எடுபடவில்லை என்று வாத்தியார் கண்டுகொண்டிருக்கிறார்.

எங்கே கொடுப்பது? பக்கத்திலேயே கேளுங்கள் என்பதுதான் என் முதல் யோசனை. சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் இருக்கிறது, வேலூரில் நூறு வருஷம் தாண்டிய ஊரிஸ் கல்லூரி இருக்கிறது, விஐடி இருக்கிறது. கூத்து பற்றி ஆராய்கிற மாணவர் குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரத்தில் தொகுப்பு இருப்பதற்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் கட்டிடத்தின் அழகைப் பார்த்துக் கொடுத்துவிடாதீர்கள். தாள்களுக்கென்று தனி அறையும் ஒரு பொறுப்பாளரும் இருக்கிறார்களா, கேசட்டை ஓட்ட ஏற்பாடு உண்டா, பட்டியல் எப்போது வரும், வெளியாள் வந்து பார்க்க முடியுமா, துணைவேந்தரோ நூலகரோ மாறினால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். முகம் சுளித்தால் அதுவே பதில். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் தனி மனிதர் ஒருவர் சேர்த்ததைச் சிதறவிடாமல், 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னையிலேயே நிலைக்கவைத்த இடம் அது. அந்தத் தொகுப்பு விமானம் ஏறாமல் இங்கேயே தங்கியது என்பது எனக்குப் பெரிய விஷயம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் ஓலைச்சுவடிக்கும் போட்டோவுக்கும் பேர் போனது. ஒலிப்பதிவு மட்டும் என்றால், குருகிராமில் அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனத்தின் இசை ஆவணக் காப்பகம் இருக்கிறது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் இங்கே பதிந்து எடுத்துப்போனவற்றின் நகலைத் திரும்ப இந்தியாவுக்குக் கொண்டுவருவதற்காகவே 1982-ல் தொடங்கியது. தாள் ஓரிடம், ஒலி ஓரிடம் என்று பிரிக்க நேர்ந்தால், இரண்டு இடத்திலும் மற்றதைப் பற்றிப் பட்டியலில் எழுதச் சொல்லுங்கள்.

விவரம் எழுதும்போது மாவட்டப் பெயரில் கவனம் வேண்டும். 1911 வரை வட ஆற்காட்டின் தலைநகரம் சித்தூர். 1989-ல் மாவட்டம் இரண்டாகி வேலூர் ஒரு பக்கம், திருவண்ணாமலை ஒரு பக்கம் ஆனது. 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. தாத்தா ஆடப்போன செய்யாறு, ஆரணிப் பக்கத்து ஊரெல்லாம் டைரியில் வட ஆற்காடு, இன்றைக்குத் திருவண்ணாமலை. கடிதத்தில் இருக்கும் பெயரையும் இன்றைய பெயரையும் இரண்டையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் தேடுகிறவர் கண்ணில் படாமலே போகும்.

சட்டம் கொஞ்சம். உங்கள் தாத்தாவுக்கு வந்த கடிதத்தின் காகிதம் உங்களுடையது, ஆனால் அதில் எழுதியதன் பதிப்புரிமை எழுதியவருடையது. அவருக்குப் பிறகு வாரிசுக்குப் போகும். அவர் இருக்கும்வரை அச்சில் வராத கடிதத்துக்கு, 1957-ம் ஆண்டுச் சட்டப்படி, அது முதலில் வெளியான வருஷத்துக்குப் பிறகுதான் 60 வருஷக் கணக்கு தொடங்கும். நூலகத்துக்குக் கொடுப்பதற்கு இது தடையில்லை, அச்சிடுவதற்குத்தான் தடை. கேசட்டில் பாடியவர்களுக்கும் உரிமை உண்டு. ஜமாவில் இருந்தவர்கள் வீட்டுக்கு ஒரு நடை போய்ச் சொல்லிவிட்டு வருவது சட்டத்துக்காக மட்டும் இல்லை, மரியாதையும் அதுதான். கடன் சண்டை, பங்காளித் தகராறு, சாதிப் பஞ்சாயத்து, கூத்துக் கோமாளியான கட்டியங்காரன் ஊர்க்காரர் பெயர் சொல்லி அடித்த கேலி என்று உயிரோடு இருப்பவரைக் குத்துவது எதுவும் இருந்தால், அந்தக் கட்டை இத்தனை வருஷம் திறக்கக் கூடாது என்று நிபந்தனை போடலாம். நல்ல நூலகம் ஒப்புக்கொள்ளும். கிழித்துப் போடுவதைவிட மூடிவைப்பது நல்லது.

கடைசியாகக் கையெழுத்து. நன்கொடை ஒப்பந்தத்தில் வாரிசுகள் எல்லாரும் போட வேண்டும். ஒருவர் மட்டும் போட்டுக் கொடுத்து, பின்னால் இன்னொருவர் வந்து "எங்கப்பா சொத்து" என்று நின்றால் நூலகம் பெட்டியைக் கட்டி மூலையில் வைத்துவிடும். ஆகவே பெரியப்பா, சித்தப்பா, உங்கள் அப்பா, அத்தைமார் எல்லாரும் கூடும் ஒரு நாளில் பேசி முடியுங்கள். அத்தைகளை விட்டுவிடாதீர்கள், சட்டப்படி அவர்களுக்கும் பங்கு உண்டு. ஒப்பந்தத்தில் மூன்றை எழுதி வாங்குங்கள்: தொகுப்பைப் பிரிக்கக் கூடாது, டிஜிட்டல் நகல் ஒன்று குடும்பத்துக்கு வேண்டும், நூலகத்தால் ஒரு கட்டத்தில் வைத்துக்கொள்ள முடியாமல் போனால் முதலில் உங்களைக் கேட்க வேண்டும். இதெல்லாம் நடக்க மாசக்கணக்கு ஆகும். கேசட்டுக்கு அவ்வளவு நாள் இல்லை, அதனால் பூஞ்சணம் பார்க்கும் வேலையை இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிடுங்கள்.